தொடரிலக்கத்தைக் காத்தல்

பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் ஒவ்வோர் ஏட்டிலும் அச்சகத்தார் முன்னதாகவே இலக்கமிட்டுத் தருவது வழக்கம். 501ஆம் சீட்டைக் கிழித்ததும் 502ஆம் சீட்டு மேலே நிற்கும். அதனை ஒருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டுவதில்லை. இன்று கல்முனைக் கடைத்தெருவிலே அவ்வேலையைக் கணினி பல இடங்களில் ஏற்றுக்கொண்டுள்ளது. மின்சாரம் நின்றால் கணினியின் நினைவகம் வெறுமையாகிவிடும். ஆதலின், இறுதியாக வழங்கிய இலக்கத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்தல் அவசியமாகின்றது. ஓர் இலக்கத்தை எழுதிவைப்பதில் என்ன சிரமம் என மாணவர் வினவலாம். சிரமம் உண்டு என்பதையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எளிய செய்நிரலொன்று கோப்பைத் திறந்து 501 என்பதைப் படிக்கும், ஒன்றைக் கூட்டும், பின்னர் அதே கோப்பை எழுதுவதற்காகத் திறக்கும். அவ்வாறு திறக்கும்பொழுதே பழைய உள்ளடக்கம் துடைக்கப்பட்டுவிடும். புதிய இலக்கம் வட்டினைச் சென்றடையுமுன் மின்சாரம் நின்றால், கோப்பு வெறுமையாகவே எஞ்சும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் அறிவோம். வெறுங்கோப்பைப் பூச்சியம் என்று கொள்ளும் செய்நிரல் மீண்டும் 1இலிருந்து தொடங்கும். ஒரே இலக்கத்தில் இரு சீட்டுகளைக் காணும் கணக்காய்வாளர் யாரை ஐயுறுவார்? குற்றம் கோப்பினது, பழியோ நேர்மையான காசாளர்மேல் விழும்.

இதற்குப் பரிகாரம், பழையதை அழித்து எழுதாமையேயாம். புதிய இலக்கத்தை அதே அடைவில் வேறொரு தற்காலிகக் கோப்பில் எழுதுக. பின்னர் 'எஃப்சிங்க்' என்னும் கட்டளையால் அது வட்டினை அடைந்ததை உறுதிசெய்க. அதன்பின் அக்கோப்புக்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுக. யுனிக்ஸ் மரபிலே இப்பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாகும். படிப்பவர் பழையதை முழுமையாகக் காண்பர், அல்லது புதியதை முழுமையாகக் காண்பர். ஈற்றில் அடைவையும் அவ்வாறே உறுதிசெய்தல் வேண்டும். நடுவிலுள்ள உறுதிசெய்தலைக் கைவிட்டோர் 2009ஆம் ஆண்டளவில் லினக்சின் 'எக்ஸ்ட்4' கோப்பு முறைமையில், கணினி திடீரென நின்றபின் வெறுங்கோப்புகளைக் கண்டு திகைத்தனர்.

இரு காசாளர் ஒரே கணத்தில் 501ஐப் படித்தால் இருவரும் 502ஐ வழங்குவர். ஆகவே படிக்குமுன் ஒருவர் பூட்டிட்டு, எழுதி முடித்தபின் திறத்தல் வேண்டும். பூட்டுக்கெனத் தனிக்கோப்பு ஒன்று இருத்தல் நன்று; இலக்கக் கோப்பையே பூட்டினால், பெயர்மாற்றத்தின்போது பூட்டிய கோப்பு விலகி வேறொரு கோப்பு அவ்விடத்துக்கு வந்துவிடும்.

முதலிற் பதிந்து, பின்னரே இலக்கத்தை வழங்குக. இடையில் தடை நேரின் ஓர் இலக்கம் விடுபடும். அதனை 'வழங்கப்படாதது' எனக் குறித்துவிடலாம். ஒரே இலக்கம் இருவருக்குச் சென்றால் திருத்த வழியில்லை. கோப்பு காணாமற்போனாலோ வெறுமையாயிருந்தாலோ, செய்நிரல் தானாகவே தொடங்காது நின்று அறிவித்தல் வேண்டும்.

இவையனைத்தும் மின்வெட்டிலிருந்து காக்குமேயன்றிக் கடலிலிருந்து காவா. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோரத்தை அழித்ததை மறந்தோர் இலர். எனவே பிரதியொன்று கரையினின்றும் தொலைவிலே இருத்தல் வேண்டும். எனினும் நேற்றைய பிரதி நேற்றைய இலக்கத்தையே அறியும். அதனை மீட்டெடுப்போர், இடையில் வழங்கப்பட்டிருக்கக்கூடிய இலக்கங்கள் யாவற்றையும் தாண்டியே தொடங்குதல் முறை.

சிறியதோர் எண்ணைக் காப்பதற்கு இத்துணை ஏற்பாடோ எனச் சிலர் நகைக்கலாம். அவ்வெண்ணை நம்பியே பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் தத்தம் நேர்மையை நிலைநாட்டுகின்றனர். செய்நிரல் எழுதப் பயிலும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.