கதையும் தோட்டத்துச் சொல்லும்

மடுல்சீமைத் தோட்டமொன்றைக் கதைக்களனாகக் கொள்ளும் இளம் எழுத்தாளர் பெரும்பாலும் பனிமூட்டத்தையும் பச்சைக் கம்பளத்தையும் வருணித்தே முதற்பக்கத்தை நிரப்பிவிடுகிறார். அட்டை கடித்த காலுடன் மலையேறும் பெண்ணுக்குத் தேயிலை கம்பளமாகத் தோன்றுமா? அவள் அறிந்தது கொழுந்தின் நிறையையே.

சொல்தேர்வு இங்குதான் தொடங்குகிறது. விடியற்காலையில் தொழிலாளர் கூடி வேலைக்குப் பிரிக்கப்படுமிடம் 'பிரட்டு' எனப்படும். ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. அதனை நீக்கிக் 'காலை அணிவகுப்பு' என்றெழுதினால் தமிழ் தூய்மை பெறலாம், கதை பொய்யாகிவிடும். 'அரைப்பேர்' என்பதும் அத்தகையதே. கொழுந்து குறைந்ததென ஒருத்திக்கு அரைநாட் சம்பளமே பதியப்படுகையில், அவள் வீட்டு அடுப்பின் நிலையும் அச்சொல்லில் அடங்கிவிடுகிறது. அதற்கு அடைப்புக்குறிக்குள் பொருளெழுத வேண்டுவதில்லை. கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்கட்டும். அவள் அன்று மாலை கடைப்பக்கம் போகாது லயத்துக்குத் திரும்பட்டும். மலைநாட்டைக் காணாத வாசகரும் பொருளை உணர்ந்துகொள்வார்.

முதற்படியை நிறுத்தாது எழுதி முடித்தல் நன்று. நல்ல சொல்லைத் தேடி நடுவழியில் நிற்பவர் கதையையே தொலைப்பதுண்டு. சில நாள் கழித்து அதனை உரக்கப் படித்தல் வேண்டும். துரையும் கங்காணியும் ஒரே நடையில் பேசினால் காது உடனே காட்டிக்கொடுக்கும். (பண்டிதத் தமிழ் பேசிய கங்காணியை எத்தோட்டமும் கண்டதில்லை!)

பயில்வதற்கு, ஊவாவில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவல் உண்டு, 1974இல் வெளிவந்தது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இல் நூலாயிற்று. இராமையா வானொலி நாடகங்களும் எழுதியவர். செவிக்கென எழுதிப் பழகியவர்.