காதுக்கு ஒரு கொல்லைக் கதவு

"கூப்பிட்டா திரும்பியே பார்க்க மாட்டேங்கறான் சார். நாலு வயசுலயே இவ்வளவு திமிரா?"

என் அக்கா பையனைப் பற்றி எல்.கே.ஜி. மிஸ் வாசித்த புகார்ப் பத்திரம் இது. வீட்டுக்கு வந்ததும் அக்கா வீட்டுக்காரர் தன் பங்குக்கு அவன் காதைத் திருகினார். திருகிய அந்தக் காதுக்குள்தான் விஷயமே இருந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

பிறக்கும்போதே அவனுக்கு மேலண்ணம் பிளந்திருந்தது. 'கிரகணத்தன்னிக்கு வெளியே வந்திருப்பே' என்று அக்காவைக் குடைந்தெடுத்த பாட்டிகள் உண்டு. (இதற்கும் கிரகணத்துக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது!) ஒரு வயதில் ஆபரேஷன் செய்து தைத்தாயிற்று. கணக்கு முடிந்தது, லெட்ஜரை மூடலாம் என்றது என் பி.காம். மூளை. ஒரு என்ட்ரி பாக்கி இருந்தது.

ஈ.என்.டி. டாக்டர் பேப்பரில் படம் போட்டார். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய குட்டி அறை, நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் இறங்குகிறது. 16-ம் நூற்றாண்டில் இதை விவரித்த இத்தாலிய டாக்டர் யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். கைக்குழந்தைக்கு அதில் பாதிதான். சரிவும் குறைவு, கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும்.

குழாய் சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து காற்றை உள்ளே விடும். (விமானம் இறங்கும்போது அடைத்த காது, மிட்டாய் சப்பினால் 'டப்'பென்று விடுகிறதே, அதுதான்.) திறந்துவிடும் வாட்ச்மேன் ஒரு தசை. குழாயின் சுவரிலிருந்து இறங்கி, கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புகிற மாதிரி ஒரு எலும்புக் கொக்கியைச் சுற்றித் திரும்பி, அண்ணத்தின் நடுவில் எதிர்ப்பக்கத்துத் தசையோடு கைகோத்துக்கொள்ளும். அண்ணம் நடுவில் பிளந்திருந்தால்? கைகோக்க ஆளில்லை. பிடிமானம் இல்லாத தசை இழுத்தும் ஒன்றுதான், இழுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

உள்ளே இருக்கிற காற்றையோ சவ்வு உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. வித்டிராயல் உண்டு, டெபாசிட் இல்லை! அழுத்தம் குறைந்து, செவிப்பறை உள்வாங்கி, நீர் கோக்கிறது. நாளடைவில் கோந்து மாதிரி கெட்டிப்படுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. ஆகவே குழந்தை அழுவதும் இல்லை. சத்தங்கள் மட்டும் மங்கிப் போகும். அண்ணம் தைக்காத கைக்குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் இது உண்டு என்று 1960-களிலேயே டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். தைத்த பிறகும் குழாய் உடனே திருந்துவதில்லை. பலருக்கு வருஷக்கணக்காகும்.

இதையெல்லாம் நாலு வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம். நாங்களாவது கேட்டிருக்கலாம்.

சிலருக்குக் காத்திருந்து பார்ப்பார்களாம், சிலருக்கு ஹியரிங் எய்ட். இவனுக்குச் செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டு, நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, 'க்ரொமெட்' என்ற பொடிக் குழாயைச் செருகினார்கள். கொல்லைக் கதவு திறக்காததால் வாசல் வழியாகக் காற்று.

அன்றிரவு படுத்திருந்தவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான்.

"அப்பா, ஃபேன் ஏன் கத்துது?"

அது அவன் பிறந்ததிலிருந்து கத்திக்கொண்டிருக்கிற ஃபேன். அக்கா வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிப் போனார்.