ஷில்லாங்கில் ஒரு மாலையை ஒதுக்குங்கள்

சிரபுஞ்சி பார்க்கக் கிளம்பும் நம்மூர்ச் சுற்றுலாக் குழுக்களுக்கு ஷில்லாங் ஒரு ராத்தங்கல் ஊர். குவாஹாத்தியில் இறங்கி, நூறு கிலோமீட்டர் மலையேறி, ஓட்டலில் பெட்டியைப் போட்டுத் தூங்கி, விடிந்ததும் அருவி பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஓட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி, அதே மாலையில், ஒரு பையனோ பெண்ணோ கிதாரை மாட்டிக்கொண்டு தானே எழுதிய பாட்டைப் பாடியிருக்கலாம். அதைக் கேட்காமலே ஊர் திரும்புகிறவர்கள் மேகாலயாவில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

2011 கணக்கெடுப்பின்படி ஷில்லாங் நகராட்சிக்குள் வசிப்பவர்கள் ஏறக்குறைய 1,43,000 பேர். சுற்றுப்புறங்களைச் சேர்த்தாலும் மூன்றரை லட்சம்தான். நகர எல்லையை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் தஞ்சாவூரைவிடச் சின்ன ஊர். இந்தச் சின்ன ஊரைத்தான் ‘இந்தியாவின் ராக் தலைநகரம்’ என்கிறார்கள். அந்தப் பட்டம் விளம்பரத்துக்குச் சரி. ஊரின் இசையை அது முழுதாகச் சொல்லிவிடவில்லை.

ஏப்ரலிலிருந்து தொடங்கலாம். அந்த மாதம் ஊரிலுள்ள வெய்கிங் மைதானத்தில், இந்த மலைகளின் பழங்குடியினரான காசி மக்களின் ‘ஷாட் சுக் மின்சியெம்’ விழா நடக்கும். மகிழ்ந்த உள்ளத்தின் ஆட்டம் என்று பொருள். 1911 முதல் நடந்துவருகிறது. நடுவில் கன்னிப் பெண்கள் தலையில் கிரீடமும் கழுத்தில் பவளமும் அணிந்து, பார்வையைத் தாழ்த்தி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். சுற்றிலும் ஆண்கள் வாளும் கவரியும் ஏந்தி ஆடுவார்கள். முரசுகளுக்கு மேலே எழுந்து கேட்பது தங்முரி. நம் நாதஸ்வரத்துக்குச் சொந்தக்காரி என்று கண்ணை மூடிச் சொல்லிவிடலாம். அதே போலச் சீவாளி வைத்து ஊதுகிற குழல். கிதார் வருவதற்கு வெகுகாலம் முன்பே காசி மக்களிடம் திறந்தவெளிக் கச்சேரி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கிதாருக்கு வழி போட்டது தேவாலயம். 1841இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சிக்கு வந்தார். காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் அவர் ஏற்படுத்தியது. அவருக்குப் பின் வந்தவர்களோடு வேல்ஸின் ஞானப்பாட்டுகளும், நாலு குரலாகப் பிரிந்து பாடும் பழக்கமும் மலையேறின. வாரந்தோறும் கோயிலில் குரல் பிரித்துப் பாடி வளர்கிற குழந்தைக்கு, பதினைந்து வயதில் ஒரு பாண்டில் சேர்வது பெரிய காரியமே இல்லை. 2001இல் நீல் நோங்கின்ரி தொடங்கிய ஷில்லாங் சேம்பர் கொயர் 2010இல் ‘இந்தியாஸ் காட் டாலன்ட்’ போட்டியில் வென்றபோது நாடே வியந்தது. ஊர்க்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள், வியந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த தேதி மே 24. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்த நாள். லூ மஜாவ் என்ற காசிப் பாடகர் 1972 முதல் அந்த நாளை ஷில்லாங்கில் பாடிக் கொண்டாடிவருகிறார். மேகாலயா தனி மாநிலமானதும் அதே 1972இல்தான். இளவயதில் கல்கத்தாவில் பிழைப்புக்காகப் பாடித் திரிந்தபோது டிலனின் பாட்டு அவர் காதில் விழுந்தது. அன்று பிடித்ததை இன்றும் விடவில்லை. தோளில் புரளும் வெள்ளை முடி, முழங்காலுக்கு வெகு மேலே நிற்கும் அரைக்கால் சட்டை, ஒரு காலில் ஒரு நிறமும் மறுகாலில் வேறு நிறமுமாகக் காலுறைகள். எண்பதை ஒட்டிய வயதில் இந்தக் கோலத்தில் மேடை ஏறுகிறார். 2022இல் இந்த விழாவுக்குப் பொன்விழா ஆண்டு. ஒரு தனிமனிதர், பெரிய முதலாளி யாரும் பின்னால் நிற்காமல், அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தேதியைக் காப்பாற்றியிருக்கிறார். நம் ஊர்களில் நின்றுபோன எத்தனையோ உற்சவக் கச்சேரிகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

ஆனால் டிலன் பாட்டு டிலனுடையது. ஷில்லாங் பாண்டுகள் நெடுநாள் அடுத்தவர் பாட்டை அச்சுப் பிசகாமல் வாசித்தே பேர் வாங்கின. ஓட்டலில் வாசித்தால் காசு, கல்லூரி விழாவில் வாசித்தால் கைதட்டல். இரண்டுக்கும் கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டுதான் வேண்டும். இங்கேதான் எனக்கு ரூடி வாலாங்கும் டிப்ரிட்டி கர்பங்காரும் முக்கியமானவர்கள். 2003இல் இருவரும் ‘சோல்மேட்’ என்ற ப்ளூஸ் குழுவைத் தொடங்கினார்கள். தாங்களே எழுதிய பாட்டுகளை மேடையேற்றினார்கள். முதல் தொகுப்புக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள். 2007இல், ப்ளூஸ் பிறந்த மண்ணான அமெரிக்காவின் மெம்ஃபிஸில் நடந்த சர்வதேசப் போட்டியில் இந்தியா சார்பில் பாடினார்கள். கர்பங்கார் மேல் ஸ்தாயியில் குரலைக் கிழித்து இழுக்கும்போது இது இரவல் இசை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அடுத்த அடி தாய்மொழி. ‘சம்மர்சால்ட்’ குழு காசிப் பாட்டையும் நாட்டார் வாத்தியங்களையும் பாண்டுக்குள் கொண்டுவந்தது. ஷில்லாங்கில் எடுக்கப்பட்ட ‘ராக் ஆன் 2’ என்ற இந்திப் படத்தில் 2016இல் அவர்கள் பாட்டு ஒலித்தது. அவர்கள் மேடையில் துயிதாராவைப் பார்க்கலாம். மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய, நாலு தந்தி கொண்ட சின்ன வாத்தியம். அந்தக் காலத்தில் தந்திக்கு முகா பட்டு நூலைத் திரித்துக் கட்டுவார்கள். கட்டையால் செய்த மீட்டுகோலால் தட்டினால் ‘டிங்’ என்று நீண்டு ஒலிக்காது. ‘டொக்’ என்று பிறந்து சட்டென்று அடங்கும். அதனால் வாசிப்பவர் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காசி நாட்டார் பாட்டின் ஓட்டமும் துள்ளலும் அந்தக் குறையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. துயிதாரா செய்யும் ரைசிங்போர் குர்கலாங்குக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாசிக்கிறவர்களுக்கு முன்பாக, வாத்தியத்தைச் செய்து கொடுக்கிறவர்களை நினைக்க வேண்டும். நம் வீணைத் தச்சர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போதைய பிள்ளைகள் ராப்புக்கு வந்துவிட்டார்கள். ‘காசி ப்ளட்ஸ்’ குழு 2009 முதல் பாடுகிறது. 2025இல் வந்த ‘துரந்தர்’ படத்தில் ராப் பாடிய ரெபில், மேகாலயாவின் ஜைந்தியா மலையைச் சேர்ந்த பெண். அந்தக் குரலை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். எந்த ஊர் என்று யோசித்திருக்க மாட்டீர்கள்.

நவம்பரில் மலைச் செர்ரி பூக்கும். அதை ஒட்டி அரசு செர்ரிப் பூ விழா நடத்துகிறது. ஏகான் போன்ற உலகப் பாடகர்கள் வருகிறார்கள். 2024 டிசம்பரில் பிரயன் ஆடம்ஸும் வந்து பாடினார். ஓட்டல் நிரம்புகிறது, டாக்ஸிக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் வருமானம். இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஊரின் இசை வாழ்வது இந்தப் பெரிய மேடையில் அல்ல. வருஷத்தில் நாலு நாள் வெளிச்சம் போட்டால் மீதி நாட்களில் ஒத்திகை அறைக்கு வாடகை யார் கொடுப்பது? அறுந்த தந்திக்கும், பழுதான ஆம்ப்ளிஃபயருக்கும், குவாஹாத்திக்குப் போய்வரும் வண்டிக்கும் யார் கொடுப்பது?

அதற்கு ஒரு விடை மாநில அரசிடமிருந்தே வந்தது. முதல்வர் கான்ராட் சங்மா தானே எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர். 2022இல் அடித்தட்டு இசைத் திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது. வார இறுதிகளில் பொது இடங்களில் உள்ளூர்க் கலைஞர்கள் பாடுகிறார்கள். அரசு சன்மானம் தருகிறது. டிக்கெட் கிடையாது. கடைக்குப் போகிறவர் நின்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு கச்சேரிக்குக் கிடைக்கும் சன்மானத்தைவிட, அடுத்த கச்சேரி உண்டு என்ற நம்பிக்கை பெரிது. சென்னையில் பொங்கலை ஒட்டிப் பூங்காக்களில் சங்கமம் நடத்துகிறோம். அதை வாரந்தோறும் மதுரையிலும் நெல்லையிலும் நடத்த நம்மால் ஏன் முடியாது?

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைகிறது. நிகழ்ச்சிகளும் நம்மூர்க் கணக்கில் சீக்கிரமே தொடங்கும். இரவு எட்டு மணிக்கு மேல் மஞ்சளும் கறுப்புமான ஷேர் டாக்ஸி கிடைப்பது அரிது. திரும்பும் வண்டியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். மே மாதம் போனால் குடை கட்டாயம். என்று எங்கே யார் பாடுகிறார்கள் என்பதைப் போலீஸ் பஜார் பக்கத்துக் காப்பிக் கடைகளில் விசாரியுங்கள். பெண்களைக் ‘கோங்’ என்றும் ஆண்களைப் ‘பா’ என்றும் அழைப்பது அங்கே மரியாதை. நம் அக்கா, அண்ணன் மாதிரி. பாட்டு முடிந்ததும் ‘குப்லேய்’ சொல்லுங்கள், நன்றி என்று பொருள்.

டிக்கெட் இருந்தால் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். குழுவின் பாட்டுத் தொகுப்போ சட்டையோ விற்றால் ஒன்று வாங்குங்கள். முக்கியமாக, உங்களுக்குத் தெரிந்த இந்திப் பாட்டைப் பாடச் சொல்லி மேடைக்குச் சீட்டு அனுப்பாதீர்கள். அவர்கள் சொந்தமாக எழுதிய பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.