இருளில் சென்ற நான்கு கப்பல்கள்



விடியுமுன் இருட்டில் மரம் சீவப் போகிறவர்களுக்கு நெற்றி விளக்கின் அருமை தெரியும். அப்படியொரு விளக்கு இல்லாமல் போருக்குப் போன நான்கு கப்பல்களைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

பெரிய போர்க்கப்பல்களுக்குக் காவலாக விரைந்து செல்லும் சிறிய போர்க்கப்பலை நாசகாரி என்பார்கள். இத்தாலியின் லிவோர்னோ நகரில் கட்டப்பட்ட நான்கு நாசகாரிகள் 1937-ஆம் ஆண்டில் கடற்படையில் சேர்ந்தன. ஒரியானி, அல்ஃபியேரி, கார்டுச்சி, ஜியோபெர்ட்டி என்று தம் நாட்டுக் கவிஞர், அறிஞர் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். ஒவ்வொன்றிலும் 120 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு. டார்பிடோ குழாய்கள் ஆறு. வேகத்திலும் குறைவில்லை.

இரண்டாம் உலகப் போரில், 1941 மார்ச் 28 அன்று, கிரேக்க நாட்டின் மாட்டபான் முனைக்கு அப்பால், போலா என்னும் இத்தாலியப் போர்க்கப்பலை பிரிட்டிஷ் விமானத்தின் டார்பிடோ தாக்கியது. அது நகர முடியாமல் நின்றுவிட்டது. அதற்கு உதவ, ஸாரா, ஃபியூமே என்னும் இரு பெரிய கப்பல்களும் இந்த நான்கு நாசகாரிகளும் இரவில் திரும்பி வந்தன. அருகில் எதிரி இருப்பதை அவர்கள் அறியவில்லை.

பிரிட்டிஷாரிடமோ ராடார் இருந்தது. வானொலி அலையை அனுப்பி, எதிரிலுள்ள பொருளில் பட்டு அது திரும்புவதைக் கொண்டு இருளிலும் கண்டுபிடிக்கும் கருவி அது. அவர்களுடைய மூன்று பெரும் கப்பல்கள் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து திடீரெனச் சுட்டன. போலா, ஸாரா, ஃபியூமே, அல்ஃபியேரி, கார்டுச்சி ஆகிய ஐந்தும் அழிந்தன. 2,300-க்கும் மேற்பட்ட இத்தாலியர் மாண்டனர். ஒரியானி காயத்துடன் தப்பியது. அன்று தப்பிய ஜியோபெர்ட்டியை 1943-இல் பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. போர் முடிந்தபின் ஒரியானி பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டது.

மறுநாள் பிரிட்டிஷார் கடலில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விலக நேர்ந்தபோது, தளபதி கன்னிங்ஹாம் எஞ்சியவர்கள் மிதக்கும் இடத்தை வானொலி வழியே எதிரிக்கே அறிவித்தார். இத்தாலிய மருத்துவக் கப்பல் வந்து மேலும் பலரை மீட்டது.

நேயர்களே, இதில் வேதனை ஒன்றுண்டு. அந்தக் கப்பல்கள் பிறந்த அதே லிவோர்னோவில், கடற்படைக் கல்விக்கூடத்தில், ஊகோ திபேரியோ என்னும் அறிஞர் போருக்கு முன்பே ராடார் ஆராய்ச்சி செய்துவந்தார். போதிய பணமும் ஆளும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. மாட்டபானுக்குப் பிறகே மேலிடம் அவசரப்பட்டது.

கப்பலுக்கு அறிஞர் பெயரைச் சூட்டினார்கள். உயிரோடிருந்த அறிஞரின் சொல்லைக் காலத்தில் கேட்கவில்லை.