கரிசல் நிலத்து முள்மரங்களை அடையாளம் காணல்

கரிசல் நிலத்து முள்மரங்களை அடையாளம் காணல் என்பது, தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரங்களின் வீட்டுமனை, தோட்டம், புஞ்சை வரப்பு ஆகியவற்றில் வளரும் முள்மரங்களைப் பிரித்தறியும் முறையாகும். சீமைக்கருவேலம், கருவேலம், உடை, வெள்வேல், வன்னி ஆகிய ஐந்தும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐந்திலும் முள் உண்டு. ஐந்தின் இலைகளும் நடுக்காம்பிலிருந்து சிறகுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு சிறகிலும் சிற்றிலைகள் வரிசையாக அமைந்தவை. எனவே தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றும்.

பிரித்தறிய வேண்டிய தேவை

ஐந்தில் சீமைக்கருவேலம் மட்டுமே அயல்மரம். நடு அமெரிக்காவையும் அதை ஒட்டிய நிலங்களையும் தாயகமாகக் கொண்ட இது 1877-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேலிக்கும் விறகுக்கும் என வளர்க்கப்பட்டுப் பின்னர் கண்மாய், ஓடை, தரிசு எங்கும் பரவியது. வேலிக்காத்தான், வேலிக்கருவை என்பன இதன் பிற பெயர்கள்.

2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டபின், தென் மாவட்டங்களில் அகற்றும் பணி வேகம் பெற்றது. 2022-ல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. இத்தகைய பணிகளில் பெயர் ஒற்றுமையாலும் முள்ளின் தோற்றத்தாலும் நாட்டுக் கருவேலமும் வன்னியும் சேர்த்து வெட்டப்படும் ஆபத்து உண்டு. வெட்டிய சீமைக்கருவேலம் மறு மழையில் தழைத்துவிடும். தவறி வெட்டிய வன்னி அதே அளவுக்கு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே கோடரி வைப்பதற்கு முன் மரத்தை அறிவது அவசியமாகிறது.

சீமைக்கருவேலம்

பெரும்பாலும் தரையிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து புதராக வளரும். இளங்கிளைகள் கணுவுக்குக் கணு வளைந்து, கோணல்மாணலாகச் செல்லும். கணுக்களில் நேரான, உறுதியான முட்கள் இணையாகவோ தனியாகவோ இருக்கும். ஓர் இலையில் ஒன்று முதல் மூன்று இணைச் சிறகுகளே உண்டு. சிற்றிலைகள் மற்ற வேல மரங்களைவிட நீளமானவை; ஏறத்தாழ 1 முதல் 2 செ.மீ. வரை இருக்கும். பூக்கள் பசுமை கலந்த மஞ்சள் நிறத்தில், விரல் நீளக் கதிர்களாகத் தொங்கும். நெற்று தட்டையாகவும் மஞ்சளாகவும், சற்றே வளைந்தும் இருக்கும். அதன் சதை இனிப்பாக இருப்பதால் ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. கடினமான விதைகள் செரிக்காமல் சாணத்தோடும் ஆட்டுப் புழுக்கையோடும் வெளியேறி வேறிடத்தில் முளைக்கின்றன.

கருவேலம்

பெயருக்கேற்ப இதன் பட்டை கறுத்து, நெடுக்கு வாட்டில் ஆழமாக வெடித்திருக்கும். முட்கள் வெண்மையானவை, நேரானவை, எப்போதும் இணையாக இருப்பவை. சிறகுகள் மூன்று முதல் ஒன்பது இணை வரை இருக்கலாம். சிற்றிலைகள் அரை செ.மீ. அளவே உள்ளவை. பூ, பொன்மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டையாக இருக்கும். நெற்று ஒவ்வொரு விதைக்கும் இடையே இடுங்கி, மணிமாலை போலத் தோன்றும். பூவும் நெற்றும் கண்ணில் பட்டால் இதைச் சீமைக்கருவேலத்தோடு குழப்ப வழியில்லை. ஏர், வண்டிச் சக்கரம் ஆகியவற்றுக்கு இதன் மரம் பயன்பட்டது. பல் துலக்க உதவும் வேலங்குச்சியும் கருவேலம் பிசினும் இம்மரத்தினுடையவை.

உடை

குடைவேலம் என்றும் அழைக்கப்படும். தலைப்பகுதி விரித்த குடைபோல் தட்டையாகப் பரந்திருப்பதால் தொலைவிலிருந்தே அறியலாம். ஒரே கிளையில் நீண்ட வெண்ணிற நேர்முட்களும் குட்டையான கொக்கி முட்களும் இருக்கும். பூ வெளிர் நிற உருண்டை. நெற்று சுருண்டு வளைந்திருக்கும். ஆடுகளுக்கு நல்ல தீவனம்.

வெள்வேல்

பட்டை வெளிறிய நிறத்தில் இருக்கும். பூக்கள் வெளிர்மஞ்சள் உருண்டைகளாக, கிளை நுனிகளில் பெரிய கொத்துகளாகப் பூத்து மரத்தையே மூடும். சாராயம் காய்ச்சுவதில் சேர்க்கப்பட்ட வேலம்பட்டை இம்மரத்தின் பட்டையே.

வன்னி

சீமைக்கருவேலத்துக்கு மிக நெருங்கிய உறவான இதுவே அதிகம் குழப்பம் தருவது. இதற்கும் பூ கதிராகவே அமையும். வேறுபாட்டை முள்ளில் காணலாம். வன்னியின் முட்கள் குட்டையானவை, அடி அகன்றவை. கணுவில் இணையாக அமையாமல் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் ஆங்காங்கே சிதறியிருக்கும். நெற்று மெல்லிய குச்சிபோல் தொங்கும். நன்கு வளர்ந்த மரம் பெரும்பாலும் ஒற்றை அடிமரத்தோடு நிற்கும். வன்னி பல சிவாலயங்களில் தலமரமாக உள்ளது. விருத்தாசலம் கோயில் இதற்கு எடுத்துக்காட்டு. இராசத்தான் மாநிலத்தின் மாநில மரமும் இதுவே. அங்கு உழவர்கள் இதை வெட்டாமல் விட்டு, அதன் நிழலிலேயே கம்பு பயிரிடுகின்றனர்.

சோதித்தறியும் வரிசை

1. பூவைப் பார்த்தல்: உருண்டையாக இருந்தால் அது சீமைக்கருவேலம் அன்று. கதிராக இருந்தால் சீமைக்கருவேலம் அல்லது வன்னி.

2. பூ இல்லாத காலத்தில் மரத்தடியில் கிடக்கும் நெற்றைப் பார்த்தல்: மணிமாலை எனில் கருவேலம், சுருள் எனில் உடை, மெல்லிய குச்சி எனில் வன்னி, தட்டையான மஞ்சள் நெற்று, இனிப்புச் சதையுடன் இருப்பின் சீமைக்கருவேலம். வெள்வேலின் நெற்றும் தட்டையே. அதைப் பட்டையின் நிறத்தைக் கொண்டு பிரிக்கலாம்.

3. கன்றாக இருந்தால் முள்ளின் இடத்தையும் சிற்றிலையின் அளவையும் பார்த்தல்: தண்டில் சிதறிய குட்டை முட்கள் வன்னியைக் குறிக்கும். கணுவில் முள்ளும் நீண்ட சிற்றிலையும் சேர்ந்திருந்தால் அது சீமைக்கருவேலம். மிகச் சிறிய சிற்றிலைகள் நாட்டு வேல மரங்களுக்கு உரியவை.

ஒரே அடையாளத்தை நம்பி முடிவு செய்யாமல் இரண்டாவது ஒத்துவருகிறதா எனப் பார்ப்பது நல்லது. ஐயம் தீராவிடில் பூக்கும் வரை காத்திருக்கலாம்.

அகற்றுதல்

சீமைக்கருவேலம் எனத் தெளிவான பின்னும் தரைமட்டத்தில் வெட்டுவது பயன் தராது. வேர்க்கழுத்திலுள்ள மொட்டுகளிலிருந்து பல தண்டுகள் கிளைக்கும். எனவே வேர்க்கழுத்தோடு தோண்டி எடுக்க வேண்டும். காய்ந்த கரிசல் கல்போல் இறுகியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிலம் நனைந்தபின் சிறு கன்றுகளைப் பிடுங்குவது எளிது. விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் முளைக்கும் திறனோடு கிடப்பதால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புதுக்கன்றுகளைக் களைய வேண்டும். தென் மாவட்டங்களில் பலருக்கு இம்மரத்தின் விறகும் கரிமூட்டமும் வருவாய் தருவதால், வெட்டிய மரம் வீணாவதில்லை. வெறுமையான இடத்தில் கருவேலம், வன்னி போன்ற நாட்டு மரங்களை வளரவிட்டால் நிழலும் ஆட்டுத் தீவனமும் தொடர்ந்து கிடைக்கும்.