காயம் அங்கே, வீடு இங்கே: வழக்கு எங்கே?

விடியற்காலை 4 மணிக்கெல்லாம் ஜொகூர் பாரு குடிநுழைவுச் சாவடியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்துவிடுகின்றன. கூலாய், ஸ்கூடாய், மாசாய் பக்கமிருந்து வரும் அந்த வரிசையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குச் சிங்கப்பூர் வெள்ளிதான் வீட்டுக் கடனைக் கட்டுகிறது.

அப்படிப் போகும் ஒருவருக்கு அங்கே வேலையில் அடிபட்டால் என்ன ஆகும்? கூலாயைச் சேர்ந்த ஓர் இளைஞர் துவாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தில் கை சிக்கி இரண்டு விரல்கள் போய்விடுகின்றன. முதலாளி மருத்துவமனைச் செலவைக் கட்டிவிட்டு, "வீட்டுக்குப் போய் ஓய்வெடு தம்பி, பிறகு பார்க்கலாம்" என்கிறார். சில வாரங்களில் வேலை அனுமதி ரத்தாகிறது. அதன் பிறகு முதலாளி தொலைபேசியை எடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர்களோ, "நாம் மலேசியர். ஜேபி கோர்ட்டிலேயே கேஸ் போடு" என்கிறார்கள்.

கேட்பதற்கு நியாயமான யோசனைதான். ஆனால் அந்த வழியில் அலைந்து ஓராண்டைத் தொலைத்தவருக்கு, எளிதாகக் கிடைத்திருக்க வேண்டிய இழப்பீடும் கைநழுவிப் போகலாம். தவறு யார்மீது என்று பார்ப்பதற்கு முன்பே சட்டம் இன்னொரு கேள்வியைக் கேட்கிறது. அந்த முதலாளியை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது?

நீதிமன்றத்தின் கை எவ்வளவு தூரம் நீளும்?

இதைத்தான் வழக்கறிஞர்கள் நீதிமன்ற அதிகார வரம்பு என்கிறார்கள். மலேசியாவில் 1964ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அந்த எல்லையை வகுக்கிறது. வழக்குக்கான காரணம் இங்கே எழுந்திருக்க வேண்டும். அல்லது எதிர்த்தரப்பு இங்கே குடியிருக்கவோ தொழில் நடத்தவோ வேண்டும். அல்லது வழக்குக்கு அடிப்படையான சம்பவங்கள் இங்கே நடந்திருக்க வேண்டும்.

வழக்குப் போடுபவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய வீடு கூலாயில் இருப்பதும், வலி கூலாயில் தொடர்வதும் மட்டும் போதாது. விபத்து துவாஸில் நடந்தது. நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது. முதலாளியும் அங்கேதான் இருக்கிறார். இப்படிப்பட்ட நிலையில் ஜொகூர் பாரு நீதிமன்றத்தின் வாசலைத் தாண்டுவதே சிரமம்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு வழக்குப் பத்திரத்தைச் சார்வு செய்ய, முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். வழக்குக்கும் மலேசியாவுக்கும் என்ன தொடர்பு என்பதை அந்தக் கட்டத்திலேயே காட்டியாக வேண்டும்.

'இதைவிடப் பொருத்தமான இடம் இருக்கிறதே'

அனுமதி கிடைத்துவிட்டாலும் முதலாளியின் வழக்கறிஞருக்கு இன்னொரு ஆயுதம் இருக்கிறது. "இந்த வழக்கை விசாரிக்கப் பொருத்தமான இடம் சிங்கப்பூர்தான், இங்கே நிறுத்திவையுங்கள்" என்று அவர் கேட்கலாம்.

இதற்கான அளவுகோலைப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1986இல் 'ஸ்பிலியாடா' என்ற கப்பல் வழக்கில் வகுத்தது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 1995இல் அதை ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரிலும் அதே அளவுகோல்தான். சம்பவம் எங்கே நடந்தது, சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று நீதிபதி முதலில் பார்ப்பார். இயந்திரம், மேற்பார்வையாளர், மருத்துவ அறிக்கை, பாதுகாப்பு ஆய்வுக் குறிப்பு எல்லாமே சிங்கப்பூரில் இருந்தால், தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

அதற்குப் பிறகு இரண்டாவது கேள்வி. அந்த மற்ற நாட்டுக்கு அனுப்பினால் தொழிலாளிக்கு நியாயம் கிடைக்காமல் போய்விடுமா? இந்தக் கேள்வி ஏழைத் தொழிலாளர்களைக் காப்பாற்றிய வழக்கும் உண்டு. தென்னாப்பிரிக்க ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களிலும் ஆலையிலும் நோய்வாய்ப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், கேப் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின்மீது லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். நோய் வந்த இடம் தென்னாப்பிரிக்காவாயிற்றே என்று நிறுவனம் வாதிட்டது. அங்கே வழக்கு நடத்தப் பண உதவி கிடைக்க வழியில்லை, அங்கே அனுப்பினால் நியாயமே கிடைக்காது என்று கண்ட பிரபுக்கள் சபை, 2000ஆம் ஆண்டில் லண்டனிலேயே வழக்கை நடத்த விட்டது. 2003இல் சமரசத்தில் இழப்பீடு கிடைத்தது.

கூலாய் இளைஞருக்கு இந்த வாதம் எளிதில் கைகொடுக்காது. சிங்கப்பூரில் மலேசியத் தொழிலாளிக்கும் இழப்பீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது என்பதே காரணம்.

காகிதத்தில் மட்டும் வெற்றி

முதலாளி ஜொகூர் பாரு வழக்குக்கு வராமலே இருந்துவிட்டால்? நீதிமன்றம் ஒருதலைத் தீர்ப்பு வழங்கக்கூடும். குடும்பம் இனிப்பு வாங்கிக் கொண்டாடும். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலாளியின் வங்கிக் கணக்கும் சொத்தும் சிங்கப்பூரில் இருக்கின்றன. மலேசிய நீதிமன்ற அதிகாரி பாலத்தைத் தாண்டிப் போய் ஜப்தி செய்ய முடியாது. ஒரு நாட்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பை மற்ற நாட்டில் பதிவு செய்து நிறைவேற்ற இரு நாடுகளிலும் சட்டம் இருக்கிறது. தீர்ப்பு வந்த 6 ஆண்டுகளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றத்துக்கு எதிர்த்தரப்பின்மீது உரிய அதிகாரம் இருந்ததா என்பதை அங்கே கேட்பார்கள். முதலாளி மலேசியாவில் வசிக்கவில்லை, இங்கே அலுவலகம் வைத்துத் தொழில் செய்யவில்லை, இந்த நீதிமன்றத்தை ஏற்பதாக ஒப்பந்தம் செய்யவில்லை, நேரில் வந்து வழக்காடவும் இல்லை என்றால், பதிவை ரத்து செய்யச் சொல்லி அவர் மனுப்போடலாம். கையில் மிஞ்சுவது சட்டம் போட்டு மாட்டி வைக்கத்தான் உதவும்.

சிங்கப்பூரின் நேர் வழி

இத்தனை சிக்கலையும் தவிர்க்கும் வழி, சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இச்சட்டம், வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருப்பவரை அவர் எந்த நாட்டவர் என்று பார்க்காமல் பாதுகாக்கிறது. வீட்டுப் பணிப்பெண்களும் சொந்தத் தொழில் செய்வோரும் இதில் அடங்கமாட்டார்கள்.

முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலை காரணமாகக் காயம் ஏற்பட்டது என்றால் போதும். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு அவர்களின் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் முதலாளி காப்புறுதி எடுத்தாக வேண்டும் என்பதால், பணம் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வரும். மருத்துவ விடுப்பு நாள்களுக்கும் சம்பளம் உண்டு. வெளிநோயாளியாக 14 நாள், மருத்துவமனை விடுப்பாக 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்குமேல் விபத்து நடந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு நிரந்தரச் செயலிழப்பு இழப்பீட்டின் உச்சவரம்பு 346,000 சிங்கப்பூர் வெள்ளி, மரணத்துக்கு 269,000 வெள்ளி. வயது, சம்பளம், செயலிழப்பு விழுக்காடு ஆகியவற்றைக் கொண்டு தொகை கணக்கிடப்படும்.

விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. வேலை அனுமதி ரத்தானதாலோ ஊருக்குத் திரும்பியதாலோ உரிமை போய்விடாது. முதலாளி புகார் செய்ய மறுத்தால் தொழிலாளியே சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்குத் தெரியப்படுத்தலாம்.

இதை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் உரிமை உண்டு. அங்கே இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. வலிக்கும் வேதனைக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். இரண்டு வழியிலும் இழப்பீடு வாங்க முடியாது. உடல் காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் 6 ஆண்டுக் கணக்கை மனத்தில் வைத்துக் காத்திருந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதலாளி அக்கரை, காயம் இக்கரை

கதை தலைகீழாகவும் நடக்கும். தொழிற்சாலை பாசிர் கூடாங்கில், உரிமையாளர் சிங்கப்பூரில். இங்கே அடிபட்ட தொழிலாளி அந்த உரிமையாளரைத் தேடி ஓட வேண்டியதில்லை. சம்பளம் கொடுக்கும் நிறுவனம் மலேசியாவில் பதிவான சென்டிரியான் பெர்ஹாட் என்றால், சட்டப்படி அதுதான் முதலாளி. 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சொக்சோ சந்தா கட்டியாக வேண்டும். மருத்துவச் சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட சராசரித் தினக் கூலியில் 80 விழுக்காடு, நிரந்தரச் செயலிழப்புக்குத் தனி உதவித்தொகை என்று சொக்சோவிடமிருந்து கிடைக்கும். உரிமையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

பலருக்குத் தெரியாத மறுபக்கமும் உண்டு. அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு, சொக்சோ பாதுகாப்பில் உள்ள தொழிலாளி வேலைக் காயத்துக்காக முதலாளிமீதோ அவருடைய மற்ற ஊழியர்மீதோ நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. பழுதான இயந்திரத்தை விற்றவர், மோதிய லாரியின் சொந்தக்காரர் போன்ற வெளியாள்மீது வழக்குப் போட இந்தத் தடை இல்லை. அந்த வெளியாள் எங்கே இருக்கிறார் என்பதில்தான் அதிகார வரம்புக் கேள்வி திரும்பவும் தலைதூக்கும்.

உள்நாட்டிலும் ஒரு கோடு

நாட்டுக்குள்ளேயும் இந்தக் கேள்வி எழும். மலேசியாவில் இரண்டு உயர்நீதிமன்றங்கள் உள்ளன. ஒன்று தீபகற்பத்துக்கு, மற்றொன்று சபா, சரவாக்குக்கு. கெடா தோட்டத்தில் அடிபட்டவரின் நிறுவனத் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தால் சிக்கல் இல்லை. இரண்டும் ஒரே எல்லைக்குள். ஆனால் பிந்துலு கட்டுமானத் தளத்தில் காயப்பட்டு ஈப்போவுக்குத் திரும்பியவர், சரவாக்கில் மட்டுமே தொழில் நடத்தும் வெளியார் நிறுவனத்தின்மீது ஈப்போவில் வழக்குப் போட முடியாது. அந்த நிறுவனத்துக்குத் தீபகற்பத்திலும் தொழிலிடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

போகும் வழியில் அடிபட்டால்

மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுவோர் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சிங்கப்பூர்ச் சட்டத்தில், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் பயணியாக வேலைக்குப் போய்வரும்போது ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு உண்டு. சொந்த மோட்டாரிலோ பொதுப் பேருந்திலோ போகும்போது நடந்தால் பொதுவாக இல்லை. மலேசிய முதலாளியிடம் வேலை செய்பவருக்குச் சொக்சோ அந்தப் பயண விபத்தையும் பாதுகாக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் போகும் பாதை ஒன்றுதான். முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறுகிறது.

கையில் இருக்க வேண்டியவை

முதலாளியின் முழுப் பெயரும் நிறுவனப் பதிவு எண்ணும் தெரியாமல் எந்த நாட்டிலும் ஒன்றும் நடக்காது. பலருக்கு "பாஸ்" பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டுமே தெரியும். சம்பளச் சீட்டு, வேலை அனுமதிக் கடிதம், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் படங்களை வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் வைத்திருப்பது நல்லது. விபத்து நடந்தால் இடத்தின் படம், மருத்துவ விடுப்புச் சீட்டுகள், உடனிருந்தவர்களின் பெயர்கள், முதலாளியுடனான குறுந்தகவல்கள் ஆகியவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும். சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்துக்கு அங்கே ஒரு பதிவு முகவரி இருந்தாக வேண்டும் என்பதால், முதலாளி தொலைபேசியை எடுக்காவிட்டாலும் வழக்குப் பத்திரத்தைக் கொண்டு சேர்க்க இடம் இருக்கிறது.

கூலாய் இளைஞரிடம் பெரியவர்கள் சொல்ல வேண்டியது, "ஜேபி கோர்ட்டுக்குப் போ" என்பதல்ல. "அடிபட்டு எத்தனை மாதம் ஆகிறது? அங்கே மனிதவள அமைச்சுக்குத் தெரியப்படுத்தியாச்சா?" என்று முதலில் கேட்க வேண்டும். ஓராண்டு முடிவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டால், இழந்த விரல்களுக்குரிய பணமாவது வீடு வந்து சேரும்.