அம்மாவின் பால்கனியில் மல்லிகை

அதிகாலை மூன்று நாற்பத்தைந்துக்கு என் கைப்பேசி அலாரம் அடிக்கும். ஆறு மணிக்கு நிகழ்ச்சி. அதற்குள் குளித்து, காரில் ஏறி, நிலையத்துக்குப் போய், குரலைக் கொஞ்சம் எழுப்பிவிட வேண்டும். எட்டு வருடமாக இந்த நேரத்தில் எங்கள் வீட்டில் விழித்திருக்கும் ஒரே ஜீவன் நான்தான். போன வருடம் அது மாறியது. அறைக் கதவைத் திறந்தால் ஹாலில் விளக்குப் போடாமல் அம்மா உட்கார்ந்திருப்பார்.

"தூங்கலையாம்மா?"

"இப்பத்தான் எழுந்தேன் கண்ணு. நீ கிளம்பு."

இப்போதுதான் எழுந்தவர் முகம் அப்படி இருக்காது. அப்பா தவறிய பிறகு சுங்கை சிப்புட் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை எங்களோடு அழைத்து வந்தோம். முப்பது வருடம் தரையில் வாழ்ந்தவர் இப்போது பதினோராவது மாடியில் இருக்கிறார். கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். தூக்க மாத்திரைக்கு அவசரப்பட வேண்டாம், பகலில் படுக்க விடாதீர்கள், மாலைக்குப் பிறகு தேநீர், காப்பி வேண்டாம் என்றார் மருத்துவர். "பகல்ல படுக்காம வேற என்னத்தப் பண்றது இங்க?" என்று காரில் வரும்போது அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரம்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. 'படுக்கை அறையில் இந்த 5 செடிகள் இருந்தால் படுத்தவுடன் தூக்கம்! நாசா உறுதி!' நான் ஊடகம் படித்தவள். ஆதாரமில்லாத செய்தியைப் பகிராதீர்கள் என்று வானொலியில் அடிக்கடி சொல்கிறவள். அப்படிப்பட்ட நான் அன்று மாலையே ஒரு கடைத்தொகுதியில் ஐந்து செடிகளும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் தூங்காத ஒரு தாய் இருந்தால் எந்தப் படிப்பும் உதவாது.

நாசா சொன்னது பிறகுதான் புரிந்தது. 1989இல் வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானியின் குழு, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, சில இரசாயன ஆவிகளை அவை குறைக்கின்றனவா என்று பார்த்தது. குறைத்தன. ஆனால் அது மூடிய பெட்டி, நம் வீடு அப்படியல்ல. 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள், சில வகைக்கு 1,000 வரைகூடத் தேவைப்படுமாம். அவ்வளவு செடி வைத்தால் கட்டில் போட இடம் இருக்காது. சன்னலைத் திறந்தாலே போதும். அந்தப் பழைய சோதனையில் தூக்கம் என்ற பேச்சே இல்லை.

இதற்கு நேர்மாறான பயமும் நம்மவர்களிடம் உண்டு. என் மாமியார், "ராத்திரியில செடி கரியமில வாயு விடும், ரூமுக்குள்ள வைக்காத" என்பார். புளியமரத்தடியில் படுக்காதே என்று சொல்லி வளர்ந்த தலைமுறை. இரவில் செடி மூச்சு விடுவது உண்மைதான். ஆனால் ஒரு தொட்டிச் செடி வெளியிடுவது, பக்கத்தில் குறட்டை விடுகிற கணவர் வெளியிடுவதில் ஒரு துளிகூட இருக்காது. அவருக்குத்தான் முதலில் வேறு அறை பார்க்க வேண்டும்!

நம் ஊரில் 'லீடா ஜின்' என்று விற்கிறார்களே, கத்தி போல நிமிர்ந்து நிற்கும் இலை, அதுதான் பட்டியலில் முதல் செடி. மேற்கு ஆப்பிரிக்காவின் செடி. வறண்ட நாட்டுச் செடிகளைப் போல, பகல் வெயிலில் நீர் வீணாகாமலிருக்க இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுக்கும். 'இரவில் ஆக்சிஜன் தரும் செடி' என்ற பெயர் இதனால்தான் வந்தது. செடி செய்வது உண்மை. அறையின் காற்றில் அது தெரிகிற அளவுக்கு இல்லை. ஆனாலும் இந்தச் செடியை நான் விட மாட்டேன். வெளிச்சம் குறைந்த மூலையிலும் நிற்கும், இரண்டு வாரம் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வேலைக்குப் போகிறவர்கள் முதல் செடியாக இதையே வாங்கலாம். அடிக்கடி தண்ணீர் ஊற்றினால்தான் வேர் அழுகிச் சாகும்.

லாவண்டர் மூன்று வாரம்தான் தாங்கியது. கேமரன் மலையில் வரிசை வரிசையாகப் பூத்து நிற்பதைப் பார்த்து ஆசைப்படுகிறோம். அந்தக் குளிரும் காய்ந்த மண்ணும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடைக்குமா? வாசனை வேண்டுமென்றால் எண்ணெயாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

பீஸ் லில்லி விஷயத்தில் நான் பெரிய தவறு செய்தேன். பெயரிலேயே அமைதி இருக்கிறதே என்று கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் வைத்தேன். ஒரு ஞாயிறு தம்பி குடும்பத்தோடு வந்தான். அவன் மகனுக்கு இரண்டு வயது. நாங்கள் சமையலறையில் இருந்த ஐந்து நிமிடத்தில் ஓர் இலையைக் கடித்துவிட்டான். அவன் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. உதடு வீங்கி, எச்சில் வடிந்தது. அந்த இலைக்குள் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. வாயில் பட்டால் குத்தி எரியும். வாயைத் துடைத்து, குளிர்ந்த நீர் கொடுத்து, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாலைக்குள் சரியாகிவிட்டான். ஆனால் அன்று இரவு வீட்டில் யாருமே தூங்கவில்லை. மணி பிளாண்டிலும் இதே படிகங்கள் உண்டு. வீட்டில் தவழும் பிள்ளையோ பூனையோ இருந்தால் இவை கைக்கெட்டாத உயரத்தில் தொங்கட்டும், இல்லையேல் வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பிறகு பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனேன். சாலை நெடுகச் செடிக் கடைகள். அந்த இடத்தின் கதை எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. 1930இல் தொழுநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பு அது. வெளியுலகம் ஒதுக்கிவைத்தவர்கள் உள்ளேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். நோய் குணமான பிறகும் பலர் அங்கேயே தங்கிச் செடி வளர்த்து விற்றார்கள். தலைநகர் வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுத் தோட்டங்கள் அவர்கள் கையிலிருந்து வந்தவை. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நடந்து வந்தார்.

மூன்றாவது கடையில் நின்றுவிட்டார். "இது நம்ம வீட்டு அடுக்கு மல்லிதானே?"

அப்பா நட்ட செடி அது. கிணற்றடிப் பக்கம் இருந்தது. படுக்கை அறையில் வைக்கலாமா என்று கடைக்காரச் சீனப் பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்து, மலாயில் சொன்னார்: வெயில் வேண்டும், அரை நாளாவது வேண்டும், அறைக்குள் வைத்தால் இலை மட்டும்தான். எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது, மதியம் வரை வெயில் உண்டு. இரண்டு தொட்டி எடுத்தோம். கூடவே ஒரு பாண்டான், ஒரு கறிவேப்பிலைக் கன்று. தூக்கத்துக்கும் கறிவேப்பிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அம்மா எடுத்தார்.

அம்மா இப்போது காலை ஏழு மணிக்கே பால்கனியில் இருக்கிறார். வெயில் முகத்தில் விழுகிறது. காலை வெளிச்சம் நம் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. எங்கள் ஹாலின் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வெளிச்சமே கிடைக்காமல் இருந்தது. மதியம் தொட்டி கிளறுகிறார், காய்ந்த இலை கிள்ளுகிறார், படுக்க நேரமில்லை. 2015இல் தென் கொரியாவில் 24 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கணினியில் வேலை செய்தபோது இருந்ததைவிடச் செடியைத் தொட்டி மாற்றி நட்டபோது அவர்கள் மனம் இலகுவாக இருந்தது. இரத்த அழுத்தமும் தணிந்திருந்தது. சிறிய ஆய்வுதான், அவர்களில் யாரும் அம்மா வயதுக்காரர் இல்லை. ஆனாலும் செடியை வாங்கி வைப்பதைவிட அதைக் கவனிப்பதில்தான் பலன் இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கியது அதைப் படித்த பிறகுதான்.

மல்லிகை மொட்டு இருட்டிய பிறகுதான் விரியும். வாசனை அறைக்குள் அடைந்தால் சிலருக்குத் தலைவலி வரும். என் கணவர் அந்த ரகம். அதனால் தொட்டி வெளியே, சன்னல் பாதி திறந்து. தொட்டிக்குக் கீழே தட்டு வைப்பதில்லை. ஏடிஸ் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கவிழ்த்துவிடுங்கள். சுகாதார அதிகாரிகள் வந்து புழு பார்த்தால் அபராதம், பார்க்காவிட்டால் டெங்கி.

அம்மா தினமும் நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் நான்கைந்து இரவு தூங்குகிறார். மற்ற நாட்களில், நான் கிளம்பும்போது ஹால் காலியாக இருக்கும், பால்கனிக் கதவு திறந்திருக்கும்.

"இன்னிக்கு ஒன்பது" என்றார் நேற்று. விரிந்ததில் இரண்டைப் பறித்து என் கைப்பையில் போட்டுவிட்டார். ஆறு மணிக்கு ஒலிவாங்கியைத் திறந்தபோது அறை முழுக்க எங்கள் சுங்கை சிப்புட் வீடு.